பாவம் பார்த்து வாங்கிய மீன்கள்

எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டடி நீளத்தில் ஒரு மீன் தொட்டி இருக்கிறது. மகன் ஆறாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கினான் என்று அவன் அப்பா வாங்கிக் கொடுத்தது. அதில் எட்டு ஜீப்ரா மீன்கள். காலையும் மாலையும் ஒரு சிட்டிகை தீனி, வாரம் ஒரு தடவை கொஞ்சம் தண்ணீர் மாற்றுவது, இவ்வளவுதான் வேலை. அடுப்படி வேலை முடிந்து ஐந்து நிமிஷம் அதன் முன்னால் உட்கார்ந்தால் மனசுக்கு இதமாக இருக்கும். அந்தத் தொட்டியால் நான் அழுத கதையைத்தான் இப்போது சகோதரிகளுக்கு எழுதுகிறேன்.

போன சித்திரையில் பக்கத்துத் தெரு அக்கா மகளை வெளியூர் ஹாஸ்டலில் சேர்த்தார். அந்தப் பெண் வளர்த்த இரண்டு தங்க மீனையும் ஒரு குடத்தில் போட்டு எடுத்து வந்துவிட்டார். "நீதாம்மா நல்லா பாத்துக்கிறே. இதுங்களையும் சேத்து விட்டுடு. எங்க வீட்ல பாக்க ஆளில்லே" என்றார். வாங்கிக்கொண்டேன்.

வைகாசியில் என் நாத்தனார் வீடு காலி செய்துகொண்டு திருப்பூர் போனார். போகும்போது கறுப்பாக, கண்ணாடியில் வாயை வைத்து ஒட்டிக்கொண்டே இருக்கும் ஒரு மீனைக் கொடுத்தார். கடையில் இதை சக்கர் மீன் என்கிறார்கள். பாசியைத் தின்று தொட்டியைச் சுத்தமாக வைத்திருக்கும் என்று சொல்லி விற்பார்கள். நாத்தனார் கொடுப்பதை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அடுத்த மாதம் மகனின் சிநேகிதன் ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஆறு கப்பி மீன் கொண்டு வந்தான். வீட்டில் திட்டுகிறார்களாம். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் அதையும் வாங்கிவிட்டேன்.

தண்ணீர் கலங்கலாகவே இருந்தது. அழுக்குதான் காரணம் என்று நினைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை தொட்டியைக் காலி செய்து, கூழாங்கல், பில்டர் எல்லாவற்றையும் பாத்திரம் தேய்ப்பது போலத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றினேன். பளிச்சென்று இருந்தது. எனக்கு ஒரே பெருமை.

நாலாம் நாள் ராத்திரி கரண்ட் போய்விட்டது. காற்று மோட்டார் நின்றது கூடத் தெரியாமல் தூங்கிவிட்டோம். விடிந்து பார்த்தால் பதினொரு மீன் செத்து மிதக்கிறது. அதில் எட்டில் ஏழு எங்கள் ஜீப்ரா மீன்கள். மகன் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அழுதான். "நீதானேம்மா எல்லாரும் குடுத்ததை வாங்கி வாங்கி விட்டே" என்று அவன் கேட்டபோது எனக்குப் பதில் இல்லை.

எங்கள் தெருவில் நாகை மீன்வளப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு பெண் வாடகைக்கு இருக்கிறாள். அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

மீனின் கழிவும் தின்னாமல் மிஞ்சிய தீனியும் தண்ணீரில் அம்மோனியாவாக மாறும். அது மீனுக்கு விஷம். கூழாங்கல்லிலும் பில்டரிலும் வளரும் நல்ல பாக்டீரியாக்கள்தான் அந்த விஷத்தை முறிக்கின்றன. அவை பெருகுவதற்கே நாலு முதல் ஆறு வாரம் ஆகும். மீன் திடீரென்று கூடினால் அவற்றால் ஈடு கொடுக்க முடியாது. நானோ இருந்ததையும் தேய்த்துக் கழுவிக் கொட்டிவிட்டேன்!

"உங்க தொட்டி ரெண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். கல்லு போக நாப்பத்தஞ்சு லிட்டர்தான் தண்ணி நிக்கும். சின்ன மீனுக்கு ஒரு அங்குலத்துக்கு நாலு லிட்டர்னு ஒரு தோராயக் கணக்கு இருக்குக்கா. எட்டு ஜீப்ராவோடயே உங்க தொட்டி நெறஞ்சு போச்சு" என்றாள். தங்க மீன் அரையடிக்கு மேல் வளருமாம், பத்து வருஷத்துக்கு மேல் உயிரோடு இருக்குமாம். சக்கர் மீன் ஓரடியையும் தாண்டுமாம். விரல் நீளத்தில் வந்ததை நம்பி நான் ஏமாந்திருக்கிறேன்.

பாக்கி இருந்த தங்க மீன்களையும் சக்கரையும் என்ன செய்வது? "ஏம்மா, கேடிலியப்பர் கோயில் குளத்துல வுட்டுடு. அதுவும் பொழைச்சுப் போவும், நமக்கும் புண்ணியம்" என்றார் மாமியார். எனக்கும் அது சரியென்றே பட்டது. ஆடி வெள்ளியன்று தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு கிளம்பியும் விட்டேன். தெருமுனையில் அந்தப் பெண் எதிரே வந்தாள். "அக்கா, அதை மட்டும் செஞ்சிடாதீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

சக்கர் மீனின் சொந்த ஊர் தென் அமெரிக்கா. உடம்பெல்லாம் எலும்புத் தகடு. நம் ஊர் விராலோ கொக்கோ அதைச் சுலபமாகத் தின்ன முடியாது. கரையில் வளை தோண்டி முட்டையிடும். இப்படி யாரோ விட்டது பெருகித்தான் கொல்கத்தா பக்கத்து நீர்நிலைகளிலும் ஆந்திராவின் மீன் குளங்களிலும் தொல்லை செய்கிறது. முள் பட்டு வலை கிழிகிறது. 2018 கேரள வெள்ளத்துக்குப் பிறகு சாலக்குடி ஆற்றில் அமேசான் ஆற்றின் அரபைமா மீன் சிக்கியது. அமெரிக்காவில் பர்ன்ஸ்வில் என்ற ஊரில் ஏரியில் விட்ட தங்க மீன்கள் பெரிது பெரிதாக வளர்ந்து, 2021-ல் தயவுசெய்து விடாதீர்கள் என்று நகராட்சியே கேட்டுக்கொண்டதாம்.

அவ்வளவு தூரம் போவானேன்? பூ அழகாக இருக்கிறது என்று வெளிநாட்டிலிருந்து கொண்டு வந்ததுதான் ஆகாயத்தாமரை. இன்றைக்கு நம் வாய்க்காலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. குளத்துக்குக் குளம் கிடைக்கும் ஜிலேபிக் கெண்டையும் ஆப்பிரிக்கா மீன்தான், 1952-ல் இந்தியாவுக்கு வந்தது. நாம் கடைமடைக்காரர்கள். மழைக்காலத்தில் குளம், வாய்க்கால், வயல் எல்லாம் ஒன்றாகிவிடும். ஒரு குளத்தில் விட்டது அந்தக் குளத்தோடு நிற்குமா? தூக்குவாளியோடு வீட்டுக்குத் திரும்பினேன்.

அன்றைக்கு ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பில் விட்டு வைத்தேன். நாலைந்து கடை விசாரித்ததில் ஒரு மீன் கடைக்காரர், "காசு தரமாட்டேன், சக்கரை மட்டும் பெரிய தொட்டியில விட்டுக்கிறேன்" என்றார். சந்தோஷமாகக் கொடுத்தேன். தங்க மீன்கள் என் தம்பி வீட்டு மாடியில் இருக்கும் சிமெண்ட் தொட்டிக்குப் போயின. நாத்தனாரிடம் போனில் உண்மையைச் சொன்னேன். "அட, கடையிலயே குடுக்கலாமா? தெரிஞ்சிருந்தா நானே குடுத்திருப்பேனே" என்றார். இதற்கா அவ்வளவு பயந்தேன் என்று இருந்தது.

புரட்டாசியில் இன்னொரு தோழி நாலு மீனோடு வந்தார். முதல் தடவையாக, "இடமில்லேக்கா. ஆனா வேற இடம் தேட நான் கூட வர்றேன்" என்று சொல்லிவிட்டேன். ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு வீட்டில் எப்படி வைத்துக்கொள்வது என்று அவரே வந்து கேட்டுக்கொண்டு போனார். அந்த நாலும் இன்னும் அவர் வீட்டில்தான் இருக்கின்றன.

தொட்டி வைத்திருக்கும் சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள். தண்ணீரை மொத்தமாக மாற்றாதீர்கள். வாரம் கால் பங்கு போதும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் என்றால் ஒரு நாள் திறந்து வைத்து ஊற்றுங்கள். பில்டரை, தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே அலசுங்கள். புது மீனை இரண்டு மூன்று வாரம் தனியாக வைத்துப் பார்த்துவிட்டுச் சேருங்கள். கரண்ட் போனால் டம்ளரில் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து அடிக்கடி ஊற்றினால் காற்று கலக்கும். செத்த மீனை வாய்க்காலில் போடாமல் கொல்லையில் புதைத்துவிடுங்கள்.

பிள்ளை ஆசைப்படுகிறான் என்று மீன் வாங்கும் முன், அது எவ்வளவு பெரிதாகும், பிள்ளை ஹாஸ்டல் போனால் யார் பார்ப்பது என்று கடையிலேயே யோசியுங்கள். இப்போது எங்கள் தொட்டியில் மிஞ்சிய ஒரு ஜீப்ராவோடு துணைக்கு ஐந்து இருக்கின்றன. இன்னும் இரண்டுக்கு இடம் இருக்கிறது. அதை மகன்தான் கணக்குப் போட்டு வைத்திருக்கிறான்.

– ஒரு வாசகி, கீழ்வேளூர்.