தீக்காயமும் கப்சூலும்: நாம் அறியாமல் செய்யும் தீங்கு

கல்பிட்டி முதல் சிலாபம் வரையான நமது கரையோர ஊர்களில் யாருக்காவது சுடுநீரோ கஞ்சியோ பட்டுத் தோல் வெந்துவிட்டால், முதலில் தேடப்படுவது பற்பசை. அடுத்தது பாமசி. நான்கைந்து அன்டிபயோட்டிக் கப்சூல்கள் வாங்கப்படும். சிலர் அவற்றை விழுங்குவார்கள். சிலர் உடைத்து, உள்ளிருக்கும் தூளைப் புண்ணில் தூவுவார்கள். தூள் அப்பிய கையோடு வகுப்புக்கு வரும் பிள்ளைகளைப் பல தடவை கண்டிருக்கிறேன். "சீழ் பிடிக்காம இருக்க உம்மா போட்டுவிட்டா" என்பார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் இந்தப் பழக்கம் அந்தப் பிள்ளைக்கும் உதவாது, ஊருக்கும் கேடு.

நமது உடலுக்குத் தோல்தான் மதில். தீ அந்த மதிலை உடைக்கிறது. வெந்த இடத்தில் இறந்த இழையமும் ஈரமும் சேர்ந்திருப்பதால், பற்றீரியாக்கள் பெருக அதைவிட வசதியான இடம் இல்லை. முதலில் வருவது பெரும்பாலும் நமது தோலிலும் மூக்கிலும் ஏற்கனவே வாழும் ஸ்டெஃபிலோகொக்கஸ். சில நாட்களில் சூடோமோனஸ் வரக்கூடும். பச்சை நிறச் சீழும் ஒரு வித வாடையும் அதன் அடையாளம். வைத்தியசாலைகளில் நெடுநாள் தங்கும் நோயாளிகளை அசினெட்டோபக்டர் என்ற கிருமியும் தாக்குகிறது.

விழுங்கும் மருந்து குருதி வழியாகவே பயணம் செய்கிறது. ஆழமாக வெந்த தோலில் குருதி ஓட்டம் இல்லை. குருதி போகாத இடத்துக்கு மருந்தும் போகாது. அதனால்தான் வைத்தியர்கள் புதிய தீக்காயம் எல்லாவற்றுக்கும் அன்டிபயோட்டிக் மாத்திரை கொடுப்பதில்லை. புண்ணைக் கழுவி, இறந்த தோலை அகற்றி, மேற்பூச்சு மருந்திட்டுக் கட்டுகிறார்கள். தொற்று ஏற்பட்டால் புண்ணிலிருந்து மாதிரி எடுத்து, எந்தக் கிருமிக்கு எந்த மருந்து வேலை செய்யும் என்று ஆய்வுகூடத்தில் பார்க்கிறார்கள்.

அப்படியானால் நாம் விழுங்கிய கப்சூல் என்ன செய்கிறது? குடலிலும் தோலிலும் இருக்கும் பலவீனமான பற்றீரியாக்களைக் கொல்கிறது. தாக்குப்பிடித்தவை பெருகுகின்றன. அவை தமது எதிர்ப்பு மரபணுவை வேறு பற்றீரியாக்களுக்கும் கொடுக்கின்றன. பிறகு அவை கையிலிருந்து கைக்கு, வீட்டிலிருந்து வைத்தியசாலைக்குப் போகின்றன.

1942 நவம்பர் 28 அன்று அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் இரவு விடுதி ஒன்று தீப்பற்றி 492 பேர் இறந்தனர். உயிர் தப்பியவர்களின் புண்களைக் காக்க, அப்போது கிடைத்தற்கரியதாக இருந்த பெனிசிலின் அனுப்பப்பட்டது. மூன்றே ஆண்டுகளில், 1945இல், அதைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் தமது நோபல் உரையில் எச்சரித்தார்: யாரும் கடையில் வாங்கிக் குறைந்த அளவில் உட்கொண்டால் கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடும் என்று. அதுவே நடந்தது. 2019ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு அடங்காத பற்றீரியாக்களால் உலகில் சுமார் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாக லான்செட் மருத்துவ இதழ் 2022இல் மதிப்பிட்டது.

தீக்காயம் நமக்குப் புதிதல்ல. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளம் வந்த மக்களின் ஓலைக் குடிசைகளில் குப்பி விளக்குதான் வெளிச்சம். கவிழ்ந்தால் தீ. அந்த விளக்குகளால் எரிந்தவர்களுக்குச் சிகிச்சையளித்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, எளிதில் கவிழாத 'சுதீப' விளக்கை உருவாக்கி 1998இல் ரோலெக்ஸ் விருது பெற்றார். 2021 இறுதியில் நாடெங்கும் காஸ் அடுப்புகள் வெடித்தன. 2022இல் வைத்தியசாலைகளிலேயே மருந்துத் தட்டுப்பாடு. சாதாரண மருந்து பலிக்காதபோது தேவைப்படுவது விலை கூடிய மருந்து. அது இல்லாத நாளில் ஏழை நோயாளி எங்கே போவார்?

செய்ய வேண்டியவை எளியவை. தோல் வெந்தவுடன் ஓடும் சாதாரண நீரில் 20 நிமிடம் பிடியுங்கள். ஐஸ், பற்பசை, எண்ணெய், கப்சூல் தூள் எதுவும் வேண்டாம். சுத்தமான துணியால் மூடுங்கள். முகம், கை, மறைவிடம், மூட்டு ஆகிய இடங்களில் பட்டாலோ, காயம் பெரிதானாலோ, குழந்தையானாலோ உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். ஏற்புத் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். வைத்தியர் எழுதிய அன்டிபயோட்டிக்கை அவர் சொன்ன அளவிலும் நாட்களிலும் எடுங்கள். மிச்சத்தை அடுத்த வீட்டுக்குக் கொடுக்காதீர்கள். வைத்தியரின் துண்டு இல்லாமல் அதை விற்கக் கூடாது என்பது நமது நாட்டுச் சட்டம். விற்பவரும் வாங்குபவரும் அதை மீறுகிறோம்.

ஒவ்வொரு நோய்க்கும் மருந்துண்டு, நோய்க்குரிய மருந்து பொருந்தும்போது அல்லாஹ்வின் நாட்டப்படி குணமாகும் என்பது நபி (ஸல்) அவர்கள் தந்த போதனை. பொருந்தாத மருந்தை விழுங்குவது அதில் அடங்காது. பிறருக்குத் தீங்கு செய்யக் கூடாது என்பதும் ஷரீஆவின் அடிப்படை விதி. ஆண்டுதோறும் நவம்பர் 18 முதல் 24 வரை இதற்கான உலக விழிப்புணர்வு வாரம். அதில் வரும் ஜும்ஆவில் கதீப்மார் ஐந்து நிமிடம் இதைப் பேசினால், பாமசிக்குப் போகும் பல கால்கள் வைத்தியரிடம் திரும்பும், இன்ஷா அல்லாஹ்.