வரைபடக் கல்வியும் வாலிபர்களும்

சென்ற மாதம் கோயமுத்தூரில் ஒரு கடைசல் பட்டறைக்குப் போயிருந்தோம். அங்கே வேலை கேட்டு ஒரு வாலிபர் வந்தார். கம்ப்யூட்டரில் யந்திர வரைபடம் தயாரிக்கும் படிப்பில் தேறியதாக மூன்று அத்தாட்சிப் பத்திரங்கள் அவர் கையில் இருந்தன. பட்டறைக்காரர் அவற்றைப் பிரித்தும் பார்க்கவில்லை. மோட்டார் மூடி ஒன்றை எடுத்து நீட்டி, "தம்பி, இதை அளந்து வரைந்து கொடுங்கள்" என்றார். அரைமணி நேரத்தில் திரையில் அழகான உருவம் எழுந்தது, வர்ணமும் பூசியாயிற்று. "சரி, பேரிங் உட்காரும் இந்தத் துளையில் எவ்வளவு கூடக் குறைய விடலாம்?" என்று அவர் கேட்டதும் வாலிபர் விழித்தார். குற்றம் அவருடையதன்று. பணத்தை வாங்கிக்கொண்டவர்கள் பொத்தான்களை மட்டுமே கற்பித்து அனுப்பியிருக்கிறார்கள்.

வரைபடம் யந்திரத் தொழிலின் பாஷை. கனமுள்ள பொருளைத் தட்டையான காகிதத்தில் பிழையின்றிக் காட்டும் சாஸ்திரத்தை 18-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸ் தேசத்து கஸ்பார் மோன்ஜ் வகுத்தார். கோட்டை அமைக்கும் வித்தைக்கு உதவியதால் அது சில காலம் ராணுவ ரகசியமாகக் காக்கப்பட்டது. 1963-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லாண்ட், திரைமேல் ஒளிப்பேனாவால் கோடு இழுக்கும் 'ஸ்கெட்ச்பேட்' முறையை நிர்மாணித்தார். 1982 டிசம்பரில் ஆட்டோகேட் வந்து வித்தையை மேஜைக் கம்ப்யூட்டருக்கு இறக்கிற்று. கருவிகள் இத்தனை மாறியும் மோன்ஜின் சாஸ்திரம் அப்படியே நிற்கிறது.

ஆகவே, கற்க விரும்புவோர் முதலில் சில வாரம் பென்சிலும் காகிதமும் கொண்டு முன்தோற்றம், மேல்தோற்றம், பக்கத்தோற்றம் மூன்றையும் வரைந்து பழகுதல் வேண்டும். இந்தியத் தர முறை முதற்கோண வீழ்ப்பைக் கொள்வது. அதில் மேல்தோற்றம் முன்தோற்றத்தின் கீழே வரும். அமெரிக்கர் கொள்ளும் மூன்றாங் கோணத்தில் அது மேலே வரும். இதை மாற்றிப் படித்தால் வலப்புறம் இருக்கவேண்டிய துளை இடப்புறம் விழும். வார்ப்பு மறுபடி உலைக்குத்தான் போகும்.

எந்த மென்பொருளைக் கற்பது என்று பலர் கேட்கின்றனர். பிரீகேட் என்பது விலையற்றது. எவரும் திறந்து பார்த்துத் திருத்தக்கூடியது. 2024 நவம்பரில் 1.0 பதிப்பை எட்டியது. ஆட்டோகேட் மாணவர்களுக்கு வருஷந்தோறும் புதுப்பிக்கத்தக்க இலவச அனுமதி அளிக்கிறது. ஆகையால் மென்பொருளுக்குப் பணமில்லை என்று எவரும் நிற்க வேண்டியதில்லை. ஒன்றைச் செவ்வனே கற்றவர் மற்றொன்றுக்குச் சீக்கிரம் பழகிவிடுவார். அவகாசமுள்ளவர்களுக்குத் தொழிற்பயிற்சி நிலையங்களின் இரண்டு வருஷ டிராப்ட்ஸ்மன் பிரிவு இருக்கிறது.

பிறர் படத்தைப் பார்த்துப் படி எடுப்பதால் கண் பழகுமேயன்றி அறிவு பழகாது. வீட்டிலுள்ள தண்ணீர்க் குழாயையோ சைக்கிள் பெடலையோ கழற்றி, வெர்னியரால் அளந்து வரைய வேண்டும். பிரீகேடில் ஒவ்வொரு கோட்டுக்கும் நீளமும் உறவும் விதித்துக் கட்டினால், கட்டு முழுமையானதும் படம் பச்சை நிறமாகிறது. பிறகு ஓர் அளவை மாற்றிப் பாருங்கள். உருவம் ஒழுங்காக மாறினால் நீங்கள் யோசித்து வரைந்திருக்கிறீர்கள். கோணிக்கொண்டால் ஊகித்து வரைந்திருக்கிறீர்கள். முடிந்தால் அந்தப் படத்தை ஒரு டர்னரிடம் கொடுத்து, வாய்மொழியாக ஒன்றும் சொல்லாமல் கடையச் சொல்லலாம். அவர் திரும்பிக் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் படத்தில் விட்டுப்போன ஒரு குறிப்பு. அதைவிடக் கண்டிப்பான பரீட்சை எங்குமில்லை!

அந்த மூடியில் உட்காருவது 6204 பேரிங். வெளிவிட்டம் 47 மில்லிமீட்டர். துளைக்கு 'எச் 7' என்று குறித்தால், அது 47.000-க்குக் குறையவும் 47.025-க்கு மிகவும் கூடாது. சாதாரணமாக 0.02 வரையே காட்டும் வெர்னியரை நம்பி இதைச் சோதிக்க முடியாது. போர் கேஜ் வேண்டும். பட்டறைக்காரர் இதையெல்லாம் சொல்லி, மூடியை வாலிபரிடமே கொடுத்தனுப்பினார். திங்கட்கிழமை அவர் கொண்டுவந்த படத்தில் வர்ணம் இல்லை. துளையருகே 'எச் 7' இருந்தது.