குகன் கொண்டுவந்த மீன்

ஃபேண்டஸி கதைகளில் எது பிடிக்கும் என்று ஒரு நண்பர் கேட்டார். ரத்த சம்பந்தமில்லாத நாலு பேர் வழியில் சேர்ந்து ஒரு குடும்பமாகிற கதைகள் என்றேன். 'அது எல்லாருக்கும்தானே பிடிக்கும்' என்று முடித்துவிட்டார். எனக்கு அப்படி முடியவில்லை. ரசனைக்குப் பின்னால் வாசிக்கிறவன் நிற்கும் இடம் ஒன்று இருக்கிறது. நான் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் வளர்ந்தவன்.

தமிழில் இவ்வகைக் கதையாடலுக்கு மூலப்பிரதியாக எனக்குப் படுவது கம்பராமாயணம். (அதை ஃபேண்டஸி என்பதா என்று கோபிப்பவர்கள் உண்டு. பேசும் குரங்கும் பத்துத் தலையும் வருகிற புனைவுமுறையைத்தான் சொல்கிறேன்.) வால்மீகியில் குகன் இராமனுக்கு உயிர்த்தோழன்; கம்பனில் உடன்பிறப்பாகவே எண்ணப்படுகிறான். வீடணன் அடைக்கலம் புகும்போது இராமன் கணக்குச் சொல்கிறான்: நான்காக இருந்த எண்ணிக்கை குகனால் ஐந்தாகி, சுக்கிரீவனால் ஆறாகி, வீடணனால் ஏழாகிறது. தசரதனைக்கூட வீடணனுடைய தகப்பனாகவே குறிப்பிடுகிறான். எம்.ஏ. வகுப்பில் இந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் அதற்கு வெகு முன்பே, அயோத்தியா காண்டத்தில், வேறொரு காட்சி இருக்கிறது. ஓடக்காரர்களின் தலைவனான குகன் தேனும் மீனும் கொண்டுவருகிறான். இராமன் அங்கிருந்த முனிவர்களைப் பார்த்துப் புன்னகைக்கிறான். அன்போடு வந்ததால் இது தூய்மையானது, நாங்கள் சாப்பிட்ட மாதிரிதான் என்கிறான். சாப்பிட்ட மாதிரி! குப்பத்துக்காரனுக்கு இந்த இடம் மீன்முள்ளாகத் தொண்டையில் நிற்கும். பேச்சில் விரிந்த உறவு இலை வரைக்கும் வரவில்லை.

எங்கள் ஏரியில் 'பாடு' என்றொரு முறை உண்டு. மீனும் இறாலும் நன்றாகப் படுகிற இடங்களில் யார் எப்போது வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறைவைத்துக்கொள்வார்கள். நல்ல இடம் ஒருவனுக்கே போய்ச் சேராது. அந்த அளவில் நியாயமான ஏற்பாடுதான். ஆனால் சீட்டில் பெயர் வருவதற்குக் குறிப்பிட்ட குப்பத்தில், குறிப்பிட்ட சாதியில் பிறந்திருக்க வேண்டும். தண்ணீருக்குள் கையால் தடவி இறால் பிடிக்கிற இருளர்களுக்கு அதில் இடமில்லை. ஆக, இங்கே உறவுமுறை என்பது தண்ணீரில் பங்கு.

எங்கள் வீட்டில் ஒரு சித்தப்பா இருந்தார். எந்த வழியிலும் சொந்தமில்லை. எங்கிருந்தோ வந்து அப்பாவோடு வலை இழுத்தார், எங்கள் சட்டியில் சாப்பிட்டார். இருபது வருஷத்துக்கு மேல் பாடுபட்டவருக்குப் பாட்டில் பெயர் இல்லை. குகனுக்கு முறை கிடைத்தது, அவன் மீனை யாரும் தொடவில்லை. சித்தப்பாவுக்கு முறையும் சோறும் கிடைத்தன, பங்கு கிடைக்கவில்லை.

இதனால்தான் டோல்கீனின் மூன்று பாகப் பெருங்கதையைவிட, 1937-இல் வந்த 'தி ஹாபிட்' எனக்கு நெருக்கமாக இருக்கிறது. பதின்மூன்று குள்ளர்கள் பில்போவின் வீட்டுக்குள் வந்து முதலில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், இருப்பதையெல்லாம். மறுநாள் காலை, கிடைக்கும் லாபத்தில் பதினான்கில் ஒரு பங்கு வரை அவனுக்கு என்று எழுதி வைக்கிறார்கள். பாசம் பிறகுதான் வருகிறது, அதுவும் தாறுமாறான சண்டைக்கு அப்புறம். குழந்தைக் கதை என்று ஒதுக்குகிறவர்கள் ஒதுக்கட்டும். எனக்கு இது பாடு தெரிந்தவன் எழுதிய கதை.

அன்பு பிறப்பை வென்றுவிடும் என்று சொல்லும் கதைகளை இன்றும் ஆசையோடுதான் வாசிக்கிறேன். கூடவே மூன்று கேள்விகளும் வருகின்றன: என்ன முறை சொல்லிக் கூப்பிட்டார்கள், சேர்ந்து சாப்பிட்டார்களா, பங்கு கொடுத்தார்களா.

சித்தப்பா இறந்தபோது காரியம் செய்ய என்னைத்தான் கூப்பிட்டார்கள். அன்றைக்கு யாரும் 'நீ அவருக்கு என்ன வேணும்' என்று கேட்கவில்லை. வலை பிடிக்கவே தெரியாத எனக்கு, பிறப்பால், பாட்டில் உரிமை உண்டு.