பழுதான பாக்டீரியா காட்டிய வழி

ஈ. கோலை பாக்டீரியாவில் உருவாகும் புரதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, உருவான இடத்தில் தங்குவதில்லை. சில உட்சவ்வில் பதிகின்றன. மற்றவை அதைக் கடந்து வெளியேறுகின்றன. அந்தச் சவ்வோ கொழுப்பால் ஆனது; புரதம் போன்ற பெரிய மூலக்கூறு தானாக அதில் நுழைய முடியாது. எந்தப் புரதம் போக வேண்டும், எது தங்க வேண்டும் என்பதை செல் எப்படிப் பிரித்தறிகிறது? ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் ஜான் பெக்வித் பல பத்தாண்டுகள் இந்தக் கேள்வியை ஆராய்ந்தார். கண்ணுக்குத் தெரியாத ஓர் இயக்கத்தைப் புரிந்துகொள்ள, அது எதனால் பழுதாகிறது என்று தேடுவதே வலுவான வழி என்பதற்கு அவருடைய ஆய்வு வாழ்க்கை சான்று.

வெளியேறும் புரதத்தின் தொடக்க முனையிலேயே அதற்கான குறிப்பு இருக்கிறது என்று, விலங்கு செல்களை ஆராய்ந்த குந்தர் புளோபெல் 1975இல் விளக்கினார். அதற்காக 1999இல் நோபல் பரிசும் பெற்றார். உயிருள்ள பாக்டீரியாவில் இதைச் சோதிக்க பெக்வித் குழு ஒரு தந்திரம் செய்தது. மால்டோஸைப் பற்றும் புரதம் வெளியேறக்கூடியது. லாக்டோஸை உடைக்கும் நொதி உள்ளேயே இருப்பது. இரண்டின் மரபணுக்களையும் ஒட்டினார்கள். மால்டோஸ் கொடுத்ததும் கலப்புப் புரதம் பெருகி, சவ்வில் சிக்கி, வழியை அடைத்தது, பாக்டீரியா செத்தது. பிழைத்தவற்றைச் சோதித்தபோது, சிலவற்றில் அந்தத் தொடக்க முனை மாறியிருந்தது. முனை கெட்டதால் புரதம் உள்ளேயே நின்றுவிட்டது. பிறகு, 1981இல் பெக்வித் டொனால்ட் ஆலிவருடன் சேர்ந்து, புரதத்தைச் சவ்வு வழியே தள்ளும் செக்-ஏ என்ற புரதத்தின் மரபணுவையும் இதே வகைத் தேடலால் கண்டறிந்தார்.

மரபணுவைக் கண்டுபிடித்தால் போதுமா, அது செய்யும் வேலையை வேதியியல்தானே காட்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பாகங்களைப் பிரித்தெடுத்து, சோதனைக் குழாயில் மீண்டும் இயக்கிக் காட்டியவர் வில்லியம் விக்னர்; புரதம் நுழையும் துளையின் வடிவம் 2004இல்தான் தெளிவானது. ஆனால் செல்லுக்குள் இருக்கும் ஆயிரக்கணக்கான புரதங்களில் எவற்றைப் பிரித்தெடுக்க வேண்டும் என்று சொன்னவை பழுதான பாக்டீரியாக்களே.

பாக்டீரியாவைப் பற்றிய அறிவு மனிதருக்கு எதற்கு என்பது அடுத்த ஐயம். அதே துளையின் உறவுப் புரதம் நம் செல்களிலும் இருக்கிறது. புரத ஹார்மோன்களும் ஆன்டிபாடிகளும் வெளியேறும் பயணம் தொடங்குவது அதன் வழியாகவே. மேலும், 1991இல் பெக்வித் குழு இன்னொரு பழுதைத் தேடும்போது, புரதங்களில் கந்தகப் பிணைப்பை உண்டாக்கும் டிஎஸ்பி-ஏ நொதியைக் கண்டது. விழித்திரை நோய்க்குத் தரப்படும் ரானிபிசுமாப் போன்ற ஆன்டிபாடித் துண்டுகள் இன்று ஈ. கோலையில் தயாராகின்றன, அவை சரியாக மடிய இத்தகைய பிணைப்புகள் வேண்டும். மருந்தைக் குறிவைத்து இந்த ஆராய்ச்சி தொடங்கப்படவில்லை. உடனடிப் பயனைக் கேட்டே நிதி ஒதுக்கியிருந்தால், இந்தக் கேள்வி ஆய்வகத்துக்கு வந்தே இருக்காது. அடிப்படை ஆராய்ச்சிக்குப் பொறுமையோடு நீண்டகால ஆதரவு தர வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான வாதம் தேவையில்லை.