இராசராசீச்சரம்: செவிவழிச் செய்தியும் கல்வெட்டுச் சான்றும்

தஞ்சைப் பெரிய கோயில் 1987ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்கப்பெற்றது. 2004ஆம் ஆண்டில் கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலும் தாராசுரத்து ஐராவதேச்சுரமும் அதனோடு சேர்க்கப்பட்டன. இவ்வாறு அதன் புகழ் பரவப் பரவ, அதனைப் பற்றிய பொருந்தாக் கூற்றுகளும் உடன் பரவி வருகின்றன. கோயிலோ தன் வரலாற்றைத் தன் சுவர்களிலேயே எழுதி வைத்திருக்கின்றது. ஆதலின், அக்கல்வெட்டுகள் கூறுவன யாவை, கூறாதன யாவை என்பதை ஒருவாறு ஆராய்தல் ஈண்டு நம் நோக்கமாகும்.

இக்கோயிலை எடுப்பித்தவன் முதலாம் இராசராசன் என்பதை இன்று பள்ளிச் சிறாரும் அறிவர். ஆயினும், சென்ற நூற்றாண்டிற்கு முந்திய நூற்றாண்டில் அறிஞரும் அதனை அறிந்திலர் என்பது வியப்பிற்குரியது. பிருகதீசுவர மாகாத்மியம் என்னும் வடமொழித் தலபுராணம், தொழுநோயுற்ற கரிகாலன் என்னும் சோழன் ஒருவன் சிவகங்கைக் குளத்தில் நீராடி நலம் பெற்றுக் கோயில் எடுத்தான் என்று கூறிற்று. காஞ்சிபுரத்து அரசன் ஒருவன் கட்டியது என ஐரோப்பியர் சிலர் எழுதினர். 1886ஆம் ஆண்டில் சென்னை அரசாங்கத்தின் கல்வெட்டறிஞராக அமர்ந்த ஊல்சு என்பார் இக்கோயிற் கல்வெட்டுகளைப் படியெடுத்துப் படித்தார். 1891 முதல் அவை தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் பகுதி பகுதியாக வெளிவந்தன. அதன் பின்னரே ஐயம் அகன்றது. நாள்தோறும் மக்கள் வலம் வந்த அதிட்டானத்திலேயே மன்னன் பெயர் பொறிக்கப்பட்டிருந்தும், படிப்பார் இன்மையால் அது மறைந்து கிடந்தது என்க.

அக்கல்வெட்டுகளுள் தலையாயது மன்னனது ஆணையே. தனது 26ஆம் ஆட்சியாண்டின் 20ஆம் நாளில், தஞ்சை அரண்மனை மண்டபத்தில் இருந்தருளி, தான் கொடுத்தனவும், தன் தமக்கை கொடுத்தனவும், தன் தேவியர் கொடுத்தனவும், ஏனையோர் கொடுத்தனவும் ஆகிய யாவும் திருவிமானத்திலே கல்லில் வெட்டப்படுக என அவன் பணித்தான். தன் கொடையோடு பிறர் கொடையையும் ஒருங்கே எழுதுக என்றது நோக்கத்தக்கது. இதற்கு முந்திய ஆண்டின் 275ஆம் நாளில், அஃதாவது கி.பி. 1010இல், விமானத்தின் உச்சியில் வைத்தற்கு அவன் அளித்த செப்புக்குடம் 3,083 பலம் நிறையுடையது என்றும், அதன்மேல் போர்த்த பொற்றகடு 2,926½ கழஞ்சு என்றும் மற்றொரு கல்வெட்டு கூறும். அரைக் கழஞ்சையும் விடாது எழுதிய கணக்கு இது.

இத்தகைய நுட்பம் பொருட்கணக்கில் மட்டும் அன்று, மக்களைக் குறிக்குமிடத்தும் காணப்படுகின்றது. புறமதிற் சுவரில் உள்ள நெடிய கல்வெட்டு, சோழநாட்டுக் கோயில்கள் பலவற்றிலிருந்து கொணர்ந்து குடியமர்த்தப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரையும் பெயர் பெயராகக் குறிக்கின்றது. ஒவ்வொருத்தியும் எத்தெருவின் எச்சிறகில் எத்தனையாவது வீட்டினள், அவளது பெயர் யாது, முன்பு எக்கோயிலைச் சார்ந்தவள் என்பன அதில் உள. ஒரு பங்கிற்கு ஆண்டொன்றுக்கு நூறு கலம் நெல். நட்டுவர், கணக்கர், நாவிதர், தையற்காரர் முதலியோரும் அப்பட்டியலில் இடம் பெறுகின்றனர். திருப்பதியம் விண்ணப்பம் செய்யும் பிடாரர் நாற்பத்தெண்மரும், உடுக்கை வாசிப்பான் ஒருவனும், கொட்டி மத்தளம் வாசிப்பான் ஒருவனும் ஆக ஐம்பதின்மருக்கு, நாளொன்றுக்கு ஆளொன்றுக்கு முக்குறுணி நெல் என வேறொரு கல்வெட்டு வரையறுக்கின்றது. ஓர் அரசியல் வரலாற்று நூலில் என்றும் இடம் பெறாத எளிய மாந்தர் பெயர்கள் இத்துணை மிகுதியாக ஓரிடத்தே கிடைத்தல் அரிது. பதினொன்றாம் நூற்றாண்டு மக்கட்பெயர்களை ஆராய விழையும் மாணவர் முதலிற் செல்லுதற்குரிய இடம் இச்சுவரே என்பது எம் கருத்து.

விளக்கெரித்தற்கு விடப்பட்ட கால்நடைகளின் கணக்கும், ஊர்ச்சபைகட்குக் காசொன்றுக்கு அரைக்கால் காசு வட்டிக்குக் கொடுத்த முதலின் கணக்கும் பொருளியல் ஆராய்வார்க்கு உரியன. அவற்றை ஈண்டு விரிக்கவில்லை.

இனி, கல்வெட்டு கூறாதவற்றைக் காண்போம். வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் என்னும் பெயர் இன்று எங்கும் பேசப்படுகின்றது. விமானத்தை வகுத்த சிற்பி அவனே என உறுதியாக எழுதுகின்றனர். முற்கூறிய பணியாளர் பட்டியலில், தச்சாசாரியம் செய்வானாக அவன் பெயர் வருகின்றது. அவனுடன் வேறு இருவர் பெயர்களும் உள. ஆயின், விமானத்தை வகுத்தவன் இவன் என அப்பட்டியல் கூறவில்லை. மன்னன் பெயரையே பட்டமாகப் பெற்ற தச்சன் ஆதலின், அவ்வாறு கருதுதற்கு இடமுண்டு; ஊகம் தவறன்று. ஊகத்தைச் சான்றெனக் காட்டுதலே தவறு.

விமானத்தின் உச்சிக்கல் எண்பது டன் எடையுள்ள ஒரே கல் என்றும், அதனைப் பல கல் தொலைவிலுள்ள சாரப்பள்ளத்திலிருந்து சாரம் அமைத்து ஏற்றினர் என்றும் கூறுவர். சிகரம் பல கற்களை இணைத்து அமைக்கப்பட்டதே எனக் கட்டடக்கலை ஆய்வாளர் கண்டுள்ளனர். ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்தில் அக்கற்களை ஏற்றியதே பெருஞ்செயலன்றோ? ஒரே கல் என்னும் கதை அதனினும் மேலாக எதனைச் சேர்க்கின்றது என்பது விளங்கவில்லை. நிழல் தரையில் விழாது என்னும் கூற்றோ மறுத்தற்கும் உரியதன்று. காலையிலோ மாலையிலோ திருச்சுற்றில் நிற்பார் அந்நிழலிலேயே நிற்கலாம். மாணவர் சிலருடன் யாம் சென்றிருந்தபோது, வழிகாட்டி ஒருவர் இதனை விமானத்தின் நிழலில் நின்றுகொண்டே கூறினார்!

காண்பவை யாவும் சோழர் காலத்தன என்னும் எண்ணமும் திருத்தத்தக்கது. பெரிய நந்தியும் நுண்ணிய வேலைப்பாடமைந்த முருகன் கோயிலும் நாயக்கர் காலத்தவை. அம்மன் கோயில் பாண்டியர் காலத்தது. கருவறையைச் சூழ்ந்த சிற்றறைகளிலும் நாயக்கர் கால ஓவியங்களே முன்னர்த் தோன்றின. 1931ஆம் ஆண்டில் எசு. கே. கோவிந்தசாமி அவற்றின் அடியிற் சோழர் கால ஓவியங்கள் இருத்தலைக் கண்டறிந்தார். மேல்தளத்தில் கரணச் சிற்பங்கள் நூற்றெட்டனுள் 81 மட்டுமே செதுக்கப்பட்டுள்ளன. எஞ்சிய இடங்கள் வெறுங்கல்லாகவே விடப்பட்டுள்ளன. பணி இடையில் நின்றமைக்குக் காரணம் எக்கல்வெட்டிலும் இல்லை.

தமிழாய்வார்க்குப் பெரிதும் வருத்தம் தருவது ஒன்று உண்டு. வைகாசித் திருவிழாவில் இராசராசேசுவர நாடகம் நடிக்கப்பட வேண்டும் என்றும், அதனை நடிப்போனுக்கு ஆண்டுக்கு 120 கலம் நெல் அளிக்கப்பட வேண்டும் என்றும் இரண்டாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று கூறுகின்றது. அந்நாடகம் இராசராசனின் வாழ்க்கையைப் பொருளாகக் கொண்டது என்பாரும், கோயில் எழுந்த வரலாற்றைக் கூறுவது என்பாரும் உளர். இரு கூற்றும் பெயர் ஒன்றையே பற்றிக்கொண்டு எழுந்தவை. நாடகத்தின் ஒரு வரியேனும் நமக்குக் கிடைத்திலது. நெல்லின் அளவு மட்டும் கல்லில் உள்ளது.