தோப்பு வீட்டுக் கம்ப்யூட்டர் மக்கர் செய்கிறதா? 'பார்மட்' போடும் முன் இதைப் பாருங்கள்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் செண்பகத்தோப்புப் பகுதியில் தென்னையும் மாவும் வைத்திருக்கும் விவசாயிகள் பலர் இப்போது வீட்டில் ஒரு கம்ப்யூட்டரும் வைத்திருக்கிறார்கள். தேங்காய் வெட்டுக் கணக்கு, கூலிக் கணக்கு, மாந்தோப்புக் குத்தகைப் பத்திரம், சிட்டா நகல் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. இந்த மலைப்பகுதி 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. யானை இறங்கித் தென்னையைச் சாய்த்துவிட்டால், இழப்பீட்டு மனுவுக்கு வேண்டிய புகைப்படங்களையும் பலர் கம்ப்யூட்டரில்தான் சேமிக்கிறார்கள்.

அப்படி ஒரு தென்னை விவசாயி ஒருநாள் போன் செய்தார். "மேடம், ராத்திரி கரண்ட் போய் வந்ததுல இருந்து நெட்டு வரல. கடையில கேட்டா பார்மட் போடணும்னு சொல்றாங்க. யானை சாய்ச்ச மரத்துப் போட்டோ பூரா அதுலதான் இருக்கு."

நேரில் போய்ப் பார்த்தபோது, மின்தடையால் எதுவும் கெட்டுப்போகவில்லை என்று தெரிந்தது. கம்ப்யூட்டர் வேகமாக ஓட வேண்டும் என்று ஒரு வீடியோவைப் பார்த்து, பத்துப் பதினைந்து பின்னணிச் சேவைகளை அவரே நிறுத்தி வைத்திருந்தார். சரிசெய்ய பத்து நிமிடம் போதுமானதாக இருந்தது. படங்களும் தப்பின. அந்த வேலையை நீங்களே செய்துகொள்ள வழி சொல்வதுதான் இந்தக் கட்டுரை. இது விண்டோஸ் 10, விண்டோஸ் 11 இரண்டுக்கும் பொருந்தும்.

பின்னணிச் சேவை என்றால் என்ன?

திரையில் ஜன்னல் எதுவும் திறக்காமல் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் நிரலே 'சர்வீஸ்'. அச்சுப் பணி, வைஃபை, ஒலி, நேரம், வைரஸ் பாதுகாப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சர்வீஸ் உண்டு. நீங்கள் பாஸ்வேர்டு போடும் முன்பே இவற்றில் பல ஓடத் தொடங்கிவிடும்.

சொட்டுநீர்ப் பாசனத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் ஓடினால்தான் மெயின் குழாயில் தண்ணீர் வரும். மெயினில் வந்தால்தான் சப்-மெயினில் வரும். மெயின் வால்வை அடைத்துவிட்டு, கடைசி லேட்டரலில் தண்ணீர் வரவில்லை என்று சொட்டுவானைக் குத்திப் பயனில்லை. சர்வீஸ்களும் இப்படி ஒன்றையொன்று சார்ந்தவை. அந்த விவசாயி வைஃபை சர்வீஸைத் தொடவே இல்லை. அது சார்ந்திருக்கும் 'விண்டோஸ் கனெக்‌ஷன் மேனேஜர்' என்ற சர்வீஸை அடைத்திருந்தார். அதனால் 'டபிள்யூலேன் ஆட்டோகான்ஃபிக்' என்ற வைஃபை சர்வீஸ் 1068 என்ற பிழை எண்ணைக் காட்டி நின்றுவிட்டது.

அடைத்தது திங்கட்கிழமை, கோளாறு தெரிந்தது வியாழக்கிழமை. இடையில் தினமும் இரவு 'ஷட் டவுன்' செய்திருக்கிறார். பிறகு ஏன் மூன்று நாள் ஒழுங்காக ஓடியது? 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி இயங்கும் கம்ப்யூட்டர், ஷட் டவுன் செய்யும்போது சர்வீஸ்களின் நிலையை அப்படியே வட்டில் எழுதி வைத்து, மறுநாள் அதையே திரும்ப எடுக்கிறது. மின்சாரம் பட்டென்று போனபோதுதான் முதன்முறையாக எல்லாம் புதிதாகக் கிளம்பின; அடைத்த சர்வீஸ் கிளம்பவில்லை. ஆகவே எந்தக் கோளாறு என்றாலும் ஷட் டவுன் செய்து பார்க்காதீர்கள், 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். அதுதான் முழுமையான புதுத் தொடக்கம். சிறு கோளாறுகள் பல இதிலேயே தீர்ந்துவிடும்.

சர்வீஸ்களை அமைப்பது எப்படி?

ஸ்டார்ட் பட்டனை அழுத்தி 'சர்வீசஸ்' என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். வரும் பட்டியலில் ஒரு சர்வீஸை இருமுறை சொடுக்கினால் 'ஸ்டார்ட்அப் டைப்' என்ற இடம் தெரியும். அதில் நான்கு நிலைகள் உண்டு:

1. ஆட்டோமேட்டிக்: கம்ப்யூட்டர் கிளம்பும்போதே ஓடும்.
2. ஆட்டோமேட்டிக் - டிலேய்ட் ஸ்டார்ட்: மற்றவை கிளம்பிய பிறகு, சற்றுத் தாமதமாக ஓடும்.
3. மேனுவல்: தேவைப்படும்போது மட்டும் ஓடும்.
4. டிசேபிள்ட்: கூப்பிட்டாலும் ஓடாது.

'டிபெண்டன்சீஸ்' பக்கத்தில் இந்த சர்வீஸ் எவற்றைச் சார்ந்தது, இதைச் சார்ந்தவை எவை என்று இருக்கும். எதை மாற்றும் முன்பும் இதைப் படியுங்கள். 'ரெக்கவரி' பக்கத்தில் முதல் தோல்விக்கு 'ரீஸ்டார்ட் த சர்வீஸ்' என்று வைத்தால், அந்த சர்வீஸ் இடையில் நின்றாலும் தானே மறுபடி ஓடும்.

தெரியாத சர்வீஸை 'டிசேபிள்ட்' செய்ய வேண்டாம், 'மேனுவல்' போதும். ஒரு நாளைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பழைய நிலையை நோட்டில் எழுதி வையுங்கள். உரம் போட்ட தேதியை எழுதுகிற அதே நோட்டு போதும். விண்டோஸ் அப்டேட், டிஃபெண்டர், கிரிப்டோகிராஃபிக், டிஹெச்சிபி கிளையன்ட், ரிமோட் புரொசீஜர் கால் ஆகியவற்றைத் தொடவே கூடாது.

வேகம்தான் குறை என்றால் சர்வீஸ் பக்கம் போகத் தேவையில்லை. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் 'ஸ்டார்ட்அப்' பகுதியைத் திறங்கள். 'ஹை' என்று காட்டும் செயலிகளில் தேவையற்றவற்றை அங்கே நிறுத்தினால் ஆபத்தில்லை. இரண்டு மூன்று ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பிழை எண் என்ன சொல்கிறது?

1058: சர்வீஸ் 'டிசேபிள்ட்' நிலையில் இருக்கிறது. 'ஆட்டோமேட்டிக்' ஆக்கி 'ஸ்டார்ட்' கொடுங்கள்.
1068: சார்ந்திருக்கும் வேறொரு சர்வீஸ் ஓடவில்லை. 'டிபெண்டன்சீஸ்' பட்டியலில் உள்ளவற்றை முதலில் ஓட்டுங்கள்.
1053: குறித்த நேரத்துக்குள் சர்வீஸ் பதில் சொல்லவில்லை. 'டிலேய்ட் ஸ்டார்ட்' வைத்துப் பாருங்கள்.

எண் தெரியாவிட்டால் 'ஈவென்ட் வியூவர்' திறந்து, 'விண்டோஸ் லாக்ஸ்', அதில் 'சிஸ்டம்' பாருங்கள். 7000, 7001, 7009 என்ற எண்கள் இருந்தால் அவை சர்வீஸ் கோளாறுகள். 'கெர்னல் பவர் 41' அடிக்கடி வந்தால் கம்ப்யூட்டர் முறையாக அணையாமல் நிற்கிறது என்று பொருள்; மின்சாரம், யுபிஎஸ், பவர் சப்ளை இவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எந்தச் செயலியால் தொல்லை என்று தெரியவில்லையா? ஸ்டார்ட்டில் 'சிஸ்டம் கான்ஃபிகரேஷன்' தேடித் திறந்து, 'சர்வீசஸ்' பகுதியில் 'ஹைட் ஆல் மைக்ரோசாஃப்ட் சர்வீசஸ்' கட்டத்தில் முதலில் டிக் போடுங்கள். இதை மறந்தால் விண்டோஸின் சொந்த சர்வீஸ்களே நின்றுவிடும். மீதமுள்ளவற்றை நிறுத்தி ரீஸ்டார்ட் செய்யுங்கள். கோளாறு போய்விட்டால் பாதிப் பாதியாகத் திரும்ப இயக்கி, குற்றவாளியைக் கண்டுபிடிக்கலாம்.

கம்ப்யூட்டர் கிளம்பவே இல்லை என்றால்

முதலில் பென்டிரைவைக் கழற்றுங்கள். அதிலிருந்து கிளம்ப முயன்றே பல கம்ப்யூட்டர்கள் 'நோ பூட் டிவைஸ்' என்று நிற்கும். தேதி பின்னோக்கிப் போய், வங்கி இணையதளம் பாதுகாப்பில்லை என்று காட்டினால், மதர்போர்டில் உள்ள சிஆர்2032 என்ற 3 வோல்ட் நாணய பேட்டரியை மாற்றுங்கள்.

விண்டோஸ் பாதியில் நின்றால், தொடர்ந்து சிலமுறை கிளம்பத் தவறியதும் நீலத் திரையில் பழுதுபார்க்கும் பகுதி தானே வரும். 'ட்ரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய் முதலில் 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்' கொடுங்கள். சரியாகாவிட்டால் 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்' போய் எண் 4 அழுத்தினால் 'சேஃப் மோடு' திறக்கும். அவசியமான சர்வீஸ்கள் மட்டும் ஓடும் நிலை இது. கடைசியாகப் போட்ட செயலியை இங்கிருந்து நீக்கலாம். சில கம்ப்யூட்டர்கள் இந்த இடத்தில் 48 இலக்க பிட்லாக்கர் எண் கேட்கும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று இன்றே பார்த்து எழுதி வையுங்கள்.

மின்தடையால் விண்டோஸ் கோப்புகள் சிதைந்திருக்கலாம் என்று தோன்றினால், 'கமாண்ட் பிராம்ப்ட்'டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, ஆங்கிலத்தில் எஸ், எஃப், சி என்ற மூன்று எழுத்து, ஓர் இடைவெளி, ஒரு சாய்வுக்கோடு, அதை ஒட்டி ஸ்கேன்நவ் என்று சேர்த்துத் தட்டி என்டர் அழுத்துங்கள். கெட்ட கோப்புகளை அதுவே மாற்றும். நடுவில் அணைக்கக் கூடாது.

ஹார்ட் டிஸ்க்கில் 'டிக் டிக்' என்று சத்தம் கேட்டால் எந்தச் சோதனையும் வேண்டாம். கிளம்பினால் முதல் வேலையாகப் படங்களையும் கணக்குகளையும் நகலெடுங்கள். கிளம்பாவிட்டால் மறுபடி மறுபடி இயக்காமல் தகவல் மீட்பவரிடம் கொடுங்கள்.

கவனிக்க வேண்டியவை

திரையில் 'வைரஸ் வந்துவிட்டது, இந்த எண்ணை அழையுங்கள்' என்று வந்தால் அழைக்காதீர்கள், அது மோசடி. இடி மின்னலின்போது பிளக்கையும் இணைய வயரையும் கழற்றுங்கள். மூன்று முள் பிளக்கில் எர்த் சரியாக இருக்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டதால், அதையே வைத்திருப்போர் வங்கிப் பணிகளில் கூடுதல் எச்சரிக்கையாக இருங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், ஒவ்வொரு தேங்காய் வெட்டு முடிந்ததும் கணக்கையும் படங்களையும் ஒரு பென்டிரைவில் நகலெடுத்துப் பீரோவில் வைப்பது. நகல் கையில் இருந்தால் பார்மட் போடச் சொன்னாலும் பயமில்லை. நகல் இல்லாதபோது, 'டேட்டாவை எடுத்துவிட்டுத்தான் பார்மட் செய்ய வேண்டும்' என்று எழுதி வாங்கிக்கொண்டு கம்ப்யூட்டரைக் கடையில் கொடுங்கள். விண்டோஸை மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். யானை சாய்த்த மரத்தை அன்று எடுத்த படத்தை மறுபடி எடுக்க முடியாது.