கொடி முழுக்க பூ... ஆனா ஒரு காய்கூட நிக்கலையா? வீட்டுத் தோட்டத்தில் பரங்கிக்காய் வளர்க்க சரியான மாதம் எது?

வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருக்கிறதே என்று நாலு பரங்கி விதையைப் போடுவார்கள். ஒன்றரை மாதத்தில் கொடி சுற்றுச்சுவரைத் தாண்டி ஓடும். தினமும் காலையில் மஞ்சள் மஞ்சளாகப் பூக்கும். ஆனால் காய் மட்டும் நிற்காது. கோலிக்குண்டு அளவில் வருகிற ஒன்றிரண்டு பிஞ்சும் மஞ்சளாகி உதிர்ந்துவிடும். "இது மலட்டுக் கொடி, பிடுங்கிப் போடு" என்று பக்கத்து வீட்டில் சொல்ல, நன்றாக இருக்கிற கொடி குப்பைக்குப் போய்விடும்.

அவசரப்பட வேண்டாம். பெரும்பாலான வீடுகளில் தப்பு கொடியில் இல்லை. விதைத்த மாதம், போட்ட உரம், காலையில் வராத தேனீ... இந்த மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். மூன்றையுமே சரி செய்யலாம். எப்படி? பார்க்கலாம்.

எந்தப் பூசணி?

சென்னை, தஞ்சைப் பக்கம் பரங்கிக்காய், கொங்குப் பக்கம் அரசாணிக்காய், மற்ற ஊர்களில் மஞ்சள் பூசணி, சர்க்கரைப் பூசணி என்று சொல்வதெல்லாம் ஒரே காய்தான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. திருஷ்டிக்கு உடைக்கிற, தடியங்காய் என்றும் சொல்கிற சாம்பல் பூசணி வேறு இனம். இங்கே சொல்வது மஞ்சள் பூசணிக்கு மட்டும்.

எந்த மாதம் விதைக்கலாம்?

தமிழ்நாட்டில் இதற்கு இரண்டு பட்டம் உண்டு. ஒன்று ஜூன் - ஜூலை. இன்னொன்று டிசம்பர் - ஜனவரி.

ஏன் இந்த மாதங்கள்? விதைத்த 40 முதல் 50 நாளில் கொடி பூக்கத் தொடங்கும். 85 - 90 நாளிலிருந்து காய் அறுவடைக்கு வரும். ஜூலை தொடக்கத்தில் விதைத்தால் ஆகஸ்ட்டில் பூ, அக்டோபர் தொடக்கத்தில் காய். வடகிழக்கு பருவமழை வலுப்பதற்குள் முதல் அறுவடை முடிந்துவிடும். ஜனவரி தொடக்கத்தில் விதைத்தால் பிப்ரவரியில் பூ, ஏப்ரலில் காய். கத்திரி வெயிலுக்கு முன்னாடியே வேலை முடிந்தது.

மாதம் தவறினால் என்ன ஆகும்? செப்டம்பரில் விதைத்த கொடி அடைமழையில் பூக்கும். மழையில் தேனீ பறக்காது, மகரந்தம் நனைந்து வீணாகும், தண்ணீர் தேங்கினால் வேரும் அழுகும். மார்ச் கடைசியில் விதைத்தால் மே மாத வெயிலில் பூக்கும். வெப்பமும் நீண்ட பகலும் சேர்ந்தால் பரங்கிக் கொடியில் ஆண் பூக்கள்தான் அதிகம் வரும். கொடி முழுக்க பூ இருந்தும் காய் இல்லாததற்கு முதல் காரணம் இதுதான்.

என்ன ரகம் வாங்கலாம்?

தரையில் நல்ல இடம் இருந்தால் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 1 ரகம் போடலாம். ஒரு காய் 7 - 8 கிலோ வரை வரும். சின்னக் குடும்பத்துக்கு அது ரொம்பப் பெரிசு. ஒன்றரை முதல் 2 கிலோ வரை காய்க்கும் கோ 2 போதும். மாடித் தோட்டத்துக்கு பெங்களூருவில் உள்ள இந்திய தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா சூர்யமுகி பொருந்தும். காய் சுமார் ஒரு கிலோதான் இருக்கும்.

கடையில் வாங்கிய காயின் விதையைப் போடலாமா? நன்கு முற்றிய காய் என்றால் முளைக்கும். ஆனால் அது வீரிய ஒட்டு ரகமாக இருந்தால், வரும் காய் தாய்க்காய் போலவே இருக்கும் என்று சொல்ல முடியாது.

தரையில் நடுவது எப்படி?

• ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி ஆழத்தில் குழி எடுக்கவும். ஒரு குழிக்கும் அடுத்த குழிக்கும் 2 மீட்டர் இடைவெளி வேண்டும். நாள் முழுக்க வெயில் படும் இடமாக இருப்பது நல்லது.

• குழிக்கு 10 கிலோ மக்கிய தொழு உரம், ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு போட்டு, மேல்மண்ணோடு கலந்து மூடவும். பச்சைச் சாணம் வேண்டாம்.

• விதையை இரவு தண்ணீரில் ஊறவைத்து, ஒரு அங்குல ஆழத்தில் குழிக்கு 5 விதை ஊன்றவும். ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும்.

• நாலு இலை வந்ததும் நல்ல வளமான இரண்டு செடியை மட்டும் விட்டு, மற்றதைக் கிள்ளிவிடவும். "முளைச்சதைப் பிடுங்கணுமா" என்று மனசு கேட்காதுதான். ஆனால் ஐந்தையும் விட்டால் எதுவுமே உருப்படியாக வராது.

மாடியில் முடியுமா?

முடியும். ஆனால் சின்னத் தொட்டி ஆகாது. குறைந்தது ஒன்றரை அடி அகலமும் ஆழமும் உள்ள பை, அல்லது பாதியாக வெட்டிய பிளாஸ்டிக் டிரம் வேண்டும். செம்மண், தொழு உரம் அல்லது மண்புழு உரம், தேங்காய் நார்க்கழிவு மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்பலாம். ஒரு பைக்கு ஒரே செடி. பந்தல் போட்டு ஏற்றினால், காய் அரை கிலோ ஆனதும் பழைய சேலைத் துணியில் தொட்டில் கட்டித் தாங்கவும். இரண்டு மூன்று காய் நின்றதும் கொடியின் நுனியைக் கிள்ளிவிட்டால் சத்து காய்க்குப் போகும்.

உரத்தில் நடக்கும் தப்பு

"காய் வரலையே" என்று பலரும் செய்வது, இன்னும் கொஞ்சம் யூரியா போடுவது. பலன் தலைகீழாக இருக்கும். தழைச்சத்து கூடினால் இலை தாமரை இலை போல விரியும், கொடி ஓடும், பெண் பூ மட்டும் குறையும். விதைத்த 30-வது நாள் ஒருமுறை மேலுரம் போட்டாலே போதும். பூக்கத் தொடங்கிய பிறகு தழைச்சத்தை நிறுத்திவிட்டு, சாம்பல் சத்து உள்ள உரம் கொடுக்கலாம். விறகு அடுப்புச் சாம்பல் கிடைத்தால் அதில் ஒரு கைப்பிடி போதும்.

தண்ணீரை காலையில், வேர்ப்பக்கம் மட்டும் விடவும். மதிய வெயிலில் இலை வாடுவது சகஜம். சாயங்காலமும் நிமிராமல் இருந்தால்தான் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம்.

ஆண் பூ எது, பெண் பூ எது?

காய் நிற்காத பிரச்சனைக்கு முக்கியமான தீர்வு இங்கேதான் இருக்கிறது. பரங்கியில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே கொடியில் தனித்தனியாக வரும்.

ஆண் பூவுக்கு மெல்லிய நீளமான காம்பு மட்டும் இருக்கும். உள்ளே ஒரே ஒரு தண்டு, அதில் மஞ்சள் தூள். பெண் பூவுக்குக் கீழே குட்டிக் காய் போல ஒரு உருண்டை ஒட்டியிருக்கும். கொடியில் முதலில் வருவது ஆண் பூதான். ஒன்றிரண்டு வாரம் ஆண் பூ மட்டுமே பூத்து உதிரும். அது நோய் இல்லை, பயப்பட வேண்டாம்.

பெண் பூவுக்குக் கீழே இருக்கும் உருண்டையைப் பார்த்து "காய் வந்துடுச்சு" என்று நினைத்துவிடுவார்கள். மகரந்தம் சேராவிட்டால் அது சில நாளில் மஞ்சளாகி விழுந்துவிடும். பரங்கியின் மகரந்தம் கனமானது, ஒட்டிக்கொள்வது. காற்றில் பறக்காது. தேனீதான் கொண்டு சேர்க்க வேண்டும். நகரத்து மொட்டை மாடியில் தேனீ வராவிட்டால் அந்த வேலையை நாமே செய்யலாம்.

கையால் மகரந்தம் சேர்ப்பது எப்படி?

1. பூ விடியற்காலையில் விரியும், மதியத்துக்குள் சுருங்கிவிடும். அதனால் காலை 6 முதல் 8 மணிக்குள் முடித்துவிட வேண்டும்.

2. அன்று விரிந்த ஆண் பூவைக் காம்போடு பறித்து, இதழ்களைக் கிழித்து எடுக்கவும். விரலால் தொட்டால் மஞ்சள் தூள் ஒட்ட வேண்டும்.

3. அன்று விரிந்த பெண் பூவின் நடுவில் உள்ள சூலகமுடி மீது அதை மெதுவாகச் சுற்றித் தடவவும். எல்லாப் பக்கமும் படவேண்டும். ஒரு பக்கம் மட்டும் பட்டால் காய் கோணலாக வரலாம்.

அவ்ளோதான். மகரந்தம் நன்றாகச் சேர்ந்திருந்தால் சில நாளிலேயே பிஞ்சு பருப்பது தெரியும்.

மார்கழிக் கோலத்தில் சாண உருண்டை மேல் வைக்கப் பூ பறிப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். ஆண் பூவை மட்டும் பறித்து, கொடியில் இரண்டு மூன்றை விட்டு வைத்தால் கோலமும் நடக்கும், காயும் நிற்கும்.

மகரந்தம் சேர்ந்தும் பிஞ்சு அழுகுதா?

அப்படியென்றால் பழ ஈயைச் சந்தேகிக்கலாம். பிஞ்சில் ஊசி குத்தியது போலத் துளையும், பிசின் வடிந்த தடமும் இருக்கும். வெட்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளைப் புழு. மகரந்தம் சேர்த்த ஓரிரு நாளில் பிஞ்சுக்கு காகிதப் பை அல்லது வலைப் பை மாட்டுவது எளிய வழி. விழுந்த பிஞ்சுகளைத் தோட்டத்திலேயே விட்டுவிடக் கூடாது, ஆழமாகப் புதைக்கவும்.

இலையில் ஓட்டை போடும் சிவப்பு வண்டுகளை, வெயில் ஏறுவதற்கு முன் கையாலேயே பிடித்து சோப்புத் தண்ணீரில் போடலாம். எந்த மருந்தாக இருந்தாலும், வேப்பெண்ணெயே ஆனாலும், சாயங்காலம் மட்டும் தெளிக்கவும். காலையில் தெளித்தால் வருகிற ஒன்றிரண்டு தேனீயும் போய்விடும். கந்தகத் தூள் வேண்டாம், பரங்கி வகைச் செடிகளின் இலையைக் கருக்கிவிடும்.

எப்போது பறிப்பது?

பச்சை மாறி காய் வெளிர் பழுப்பாகும். காம்பு காய்ந்து கட்டை போல ஆகும். தோலில் நகம் இறங்காது. அப்போது இரண்டு அங்குலம் காம்போடு அறுக்கவும். காம்பு ஒடிந்தால் அந்த இடத்தில் அழுகல் தொடங்கும். காற்றோட்டமான நிழலில் வைத்தால் முழுக்காய் இரண்டு மூன்று மாதம்கூடத் தாங்கும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. சமைக்கும் முன் ஒரு துளி ருசி பாருங்கள். கடுமையாகக் கசந்தால் அந்தக் காய் வேண்டாம். கசப்பைத் தருகிற குக்கர்பிட்டசின் என்ற பொருள் வாந்தி, வயிற்றுப்போக்கை உண்டாக்கும். வேகவைத்தாலும் அது போகாது.

மற்றபடி, கொடியைப் பிடுங்கும் முன் நாளைக் காலை 6 மணிக்கு ஒருமுறை தோட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். பூவுக்குக் கீழே ஒரு குட்டி உருண்டை தெரிந்தால், அந்தக் கொடி மலடு இல்லை.